"கேஸ் கம்மி சார்"

சேலத்தில் கார் ஏசி குளிரவில்லை என்று எந்தக் கடை வாசலில் போய் நின்றாலும் பானெட்டைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது: "கேஸ் கம்மி சார், போட்டுரலாம்." ஏசி கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது அது. நன்றாகக் குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது. அந்த 'எங்கோ'வைத் தேடத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

அப்பாவின் கார் பத்து வருடப் பழசு. பாதி நாள் ஷெட்டில் தூங்கும். ஓட்டினாலும் பெட்ரோல் குடிக்கும் என்று ஏசியைத் தொடமாட்டார். ஏற்காட்டில் ஒரு கல்யாணம். அஸ்தம்பட்டி தாண்டி கோரிமேடு வருவதற்குள் ஏசியில் வெறும் காற்றுதான். "மலைக்குப் போறதுக்கு எதுக்குடா ஏசி?" என்றார் அப்பா. அடிவாரம் வந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறிய காலத்தில் அது சரி. ஏப்ரல் வெயிலில், பட்டுப்புடவையில், பின்சீட்டில் அம்மாவும் அத்தையும் இருக்கும்போது அந்த நியாயம் எடுபடவில்லை. கல்யாணம் நன்றாக நடந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

திரும்பி வந்ததும் பளபளவென்று கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். காபி கொடுத்தார்கள், கேஸ் போட்டார்கள், பில் கொடுத்தார்கள். சில நாளில் பழைய கதை. மறுபடி போனால் "கம்ப்ரசர் போயிருச்சு, மொத்தமா மாத்தணும்" என்று, கேஸை அழுத்திச் சுற்றவிடும் அந்த பம்புக்கு முப்பதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட். ஏன் போனது என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

நான் இருக்கும் ஜெர்மனியில் ஏசி வேலைக்கு அப்பாயின்மென்ட் கிடைப்பதற்குள் கோடையே முடிந்துவிடும். ஆனால் கார் உள்ளே போய்விட்டால், மெஷின் பழைய கேஸை உறிஞ்சி எடை போட்டுச் சொல்லிவிடும், இத்தனை கிராம் குறைகிறது என்று. அந்த வேலையைத் தொடுகிறவர் கையில் அதற்கான சான்றிதழ் இருக்க வேண்டும். அந்த நினைப்போடுதான் ஐந்து ரோடு பக்கம் நண்பன் சொன்ன பட்டறைக்குப் போனேன். தகரக் கூரை, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கூட ஒரு பையன்.

அவர் கேஸ் பேச்சையே எடுக்கவில்லை. ஏசியைப் போடச் சொன்னார், அணைக்கச் சொன்னார், காதைக் கொடுத்துக் கேட்டார். "ஏசி போட்டாத்தான் சத்தம் வருது, அணைச்சா நிக்குது. எப்பவும் சுத்தற புல்லியோட பேரிங் நல்லா இருக்குது தம்பி, கோளாறு உள்ளதான்." பிறகு கம்ப்ரசரின் முன்பக்கம் விரலைத் தடவிக் காட்டினார். கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. "கேஸ் போற வழியிலதான் எண்ணெயும் போவும். ஷாஃப்ட் சீல் காஞ்சிருச்சு. வண்டி சும்மாவே நின்னுதுங்களா?" அப்பா என்னைப் பார்க்கவில்லை.

கம்ப்ரசருக்கு எண்ணெயைக் கொண்டுபோய்க் கொடுப்பதே அந்த கேஸ்தான். ஏசியைப் போடாமலே வைத்திருந்தால், கம்ப்ரசர் தண்டைச் சுற்றி கேஸ் வெளியேறாமல் அடைக்கும் சீல் காய்கிறது. கேஸ் கசிகிறது, கூடவே எண்ணெயும் போகிறது. பிறகு உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. கசிவைப் பார்க்காமல் கேஸை மட்டும் ஏற்றிய புண்ணியவான்கள் முடித்துவைத்தது அதைத்தான்.

இந்த மரியாதையெல்லாம் மனதில் ஊறிக்கொண்டிருக்கும்போதே அவர் வால்வை அழுத்தினார். புஸ்ஸ்ஸ். மிச்சமிருந்த கேஸ் முழுக்கக் காற்றில்! "அண்ணா, அண்ணா!" என்று கத்தியே விட்டேன். அந்த ஏசி கேஸ், ஆர்-134ஏ, ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, சரி. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வல்லது. ஐரோப்பாவில் 2017-லிருந்து புதுக் கார்களில் அதைப் போடவே கூடாது. 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் எழுதிய ஒப்பந்தப்படி இந்தியாவும் 2032-லிருந்து இந்த வகை கேஸ்களைக் குறைத்தாக வேண்டும். இதையெல்லாம் ஐந்து ரோட்டில் நின்று நான் பிரசங்கம் செய்ய, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முக்காவாசி ஏற்கெனவே போயிருச்சுங்களே தம்பி" என்றார். வாயை மூடிக்கொண்டேன். கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது. கேஸை உறிஞ்சி எடுக்கும் அந்த மெஷின் கண்ணாடிக் கதவுக்காரர்களிடமாவது இருக்க வேண்டாமா?

கழற்றிய கம்ப்ரசரிலிருந்து எண்ணெயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் காட்டினார். கருப்பு, நடுவில் மினுமினுவென்று உலோகத் துகள். புது கம்ப்ரசரை மட்டும் மாட்டினால் இந்தத் துகள் அதையும் தின்றுவிடும் என்றார். குழாய்களைக் கழுவி, கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை மாற்றினார். கேஸின் சூட்டை வெளியே விடும் கன்டென்சரின் மெல்லிய துளைகளுக்குள் அடைந்தது கழுவினாலும் முழுசாக வராது என்பதால் அதையும், ஈரம் உறிஞ்சும் டிரையரோடு சேர்த்து மாற்றினார். எஸ்டிமேட்டில் இதில் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் வேக்கம். குழாய்க்குள் அழுத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கினால், உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரண சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். ஈரம் தங்கினால் வால்வில் பனிக்கட்டியாக அடைக்கும், அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பம்ப் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். கரண்ட் போச்சு.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். "ஓடினவரைக்கும் போதும்ணா, கேஸ் போட்டுருங்க" என்றார் அப்பா. பட்டறைக்காரர் கேட்கவில்லை. எதிர்க்கடையில் தட்டுவடை செட் வாங்கி வரச்சொன்னார். பீட்ரூட், கேரட், கார சட்னி, வெங்காயம். அந்த ஒரு தட்டுக்காக எந்த அப்பாயின்மென்டையும் விட்டுக்கொடுப்பேன். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து பம்பை ஓடவிட்டார். பிறகு நிறுத்திவிட்டு, கேஜ் முள் நகர்கிறதா என்று அரை மணி பார்த்துக்கொண்டிருந்தார். நகரவில்லை. சிலிண்டரைத் தராசில் நிறுத்தி, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எத்தனை கிராமோ அத்தனை மட்டும் ஏற்றினார்.

மொத்தச் செலவு சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டைவிடக் கொஞ்சம் குறைவு. பழைய கம்ப்ரசரைச் சாக்கில் கட்டிக் கையில் கொடுத்தார். பில் ஒரு நோட்டுத் தாள், வாரண்டி "நான் இங்கதான இருக்கறேன்" என்ற வார்த்தை. எழுத்தில் கேட்டேன், சிரித்தார்.

குளிர்காலமோ மழையோ, வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஏசியைப் போட்டு ஓட்டச் சொல்லி அனுப்பினார். அப்பா வழியெல்லாம் கணக்குப் போட்டார், வருஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆகும் என்று. ஜெர்மனியிலிருந்து பெட்ரோலுக்குத் தனியாக அனுப்பச் சொல்கிறார்.