பசுமை பேசும் மூன்று தீவு விடுதிகள்: எதற்குப் போகலாம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் தங்கியிருந்தேன். பூமியைக் காக்க ஒரே துண்டை மறுபடியும் பயன்படுத்துமாறு குளியலறையில் ஓர் அட்டை வைத்திருந்தார்கள். சொன்னபடியே துண்டைக் கொடியில் காயப்போட்டுவிட்டு வெளியே போனேன். மாலையில் திரும்பினால் புதுத் துண்டு மடித்துவைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் விரல் நீளத்தில் நான்கு பிளாஸ்டிக் ஷாம்பு குப்பிகள். பசுமை வேடம் போடுவதைக் குறிக்கும் 'கிரீன்வாஷிங்' என்ற சொல்லே இப்படிப்பட்ட துண்டு அட்டைகளிலிருந்து பிறந்ததுதான். விடுதிகளின் இந்தப் போலி அக்கறையைக் கண்டித்து 1986-இல் எழுதிய அமெரிக்கச் சூழல் ஆர்வலர் ஜே வெஸ்டர்வெல்ட் அச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து அட்டைகளை நான் படிப்பதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது, நான் கட்டும் பணத்தால் அந்த இடத்துக்கு என்ன காவல் கிடைக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன். சூழல் ஆர்வலர்கள் அடிக்கடி எடுத்துப்பேசும் மூன்று விடுதிகளை இந்தக் கேள்விகளோடு அருகருகே வைத்துப் பார்த்தேன்.

முதலாவது, பசிபிக் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சு பாலினேசியாவின் டெட்டியாரோவா தீவில் உள்ள தி பிராண்டோ. நடிகர் மார்லன் பிராண்டோ வாங்கிய பவளத்தீவு அது. 2014-இல் 35 வில்லாக்களோடு திறந்தார்கள். இதன் பலம் பொறியியல். பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த கடல்நீரைக் குழாயில் மேலே கொண்டுவந்து, அந்தக் குளிர்ச்சியைக் கொண்டே அறைகளைக் குளிர்விக்கிறார்கள். வெப்பமண்டல விடுதிகளில் மின்சாரத்தை அதிகம் விழுங்குவது ஏசிதான். அந்தச் செலவில் பெரும்பகுதி இதனால் மிச்சமாகிறது. விமான ஓடுதளத்தை ஒட்டிச் சூரியத் தகடுகளையும் நிறுவியிருக்கிறார்கள். மெச்சத்தக்க வேலை. ஆனால் அங்கே போவது சிறிய விமானத்தில். அதற்கும் முன்னால், உலகின் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் அங்குள்ள பெரிய தீவான டஹீட்டிக்கே நெடுந்தூரம் பறந்தாக வேண்டும். ஒரு வாரம் ஏசியில் மிச்சம் பிடிப்பதைக் காட்டிலும் அந்தப் பயணத்தில் எரிவது பல மடங்கு.

மாலத்தீவின் சொனேவா ஃபுஷி 1995-இலிருந்து இயங்குகிறது. இதன் பலம் குப்பை. சின்னத் தீவுகளில் குப்பைக்குப் போக்கிடம் கிடையாது. எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடலில் சேரும். இவர்கள் 2008-லேயே வெளியிலிருந்து பாட்டில் தண்ணீர் வாங்குவதை நிறுத்திவிட்டு, தீவிலேயே சுத்திகரித்துக் கண்ணாடிப் பாட்டிலில் தருகிறார்கள். உடைந்த கண்ணாடியை உருக்கிக் கலைப்பொருளாக்கவும் தீவிலேயே பட்டறை இருக்கிறது. சமையலறைக் கழிவு உரமாகித் தோட்டத்துக்குப் போகிறது. தங்கும் கட்டணத்தோடு 2 சதவீதச் சூழல் வரியும் வசூலிக்கிறார்கள். எனக்கு இடறுவது அளவுதான்: பரந்த வில்லாக்கள், பலவற்றில் தனி நீச்சல் குளம். கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் வேண்டுமே!

மூன்றாவது, தான்சானியாவின் சான்சிபார் அருகே உள்ள சும்பே தீவு. இதைப் பற்றி நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன். மொத்தம் ஏழு குடில்கள். அகலமான ஓலைக்கூரையில் விழும் மழை வடிகட்டப்பட்டு, தரைக்கு அடியிலுள்ள தொட்டியில் நிறைகிறது; குளிப்பதற்கு அந்தத் தண்ணீர்தான், அதையும் வெயிலே சூடாக்குகிறது. குளித்த நீர் செடிப்பாத்தி வழியாக வடிகிறது. சோப்பும் அழுக்கும் பவளத்தை எட்டுவதில்லை. கழிப்பறையில் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஒரு கை மக்கிய சருகைப் போட்டால் போதும். ஏசியும் கிடையாது, நீச்சல் குளமும் கிடையாது. இரவு விலங்குகளின் நடமாட்டம் கெடக்கூடாது என்பதற்காக வெளியே விளக்கு போடுவதில்லை. நடக்க ஒரு டார்ச் தருகிறார்கள். அந்த வெளிச்சத்தில் கால்பந்து அளவு தேங்காய் நண்டு பாதையைக் கடப்பதைக் காணலாம்.

குடில்களைவிட முக்கியம் தீவை ஒட்டிய பவளப்பாறை. 1994-இல் அது பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே மீன்பிடித்தவர்களே பயிற்சி பெற்று அதன் காவலர்கள் ஆனார்கள். விருந்தினர் கட்டும் பணத்தில்தான் காவல் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்து பாறையைப் பார்த்துப் படிப்பதும் அதே பணத்தில்தான். மற்ற இரண்டும் விடுதியை நடத்திக்கொண்டு இயற்கையையும் காக்கின்றன. இங்கே பாறையைக் காப்பதற்காகவே விடுதி நடக்கிறது. என் ஓட்டு சும்பேவுக்கே.

ஏசியும் நீச்சல் குளமும் இல்லாமல் என்ன சொகுசு என்று கேட்பவர்களுக்கு சும்பே ஒத்துவராது, வற்புறுத்துவதிலும் பயனில்லை. அவர்களுக்கு சொனேவாவைச் சொல்வேன், அங்கே குப்பை கண்ணெதிரே கணக்காகிறது. பிராண்டோ, ஏற்கெனவே அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும். எதைத் தேர்ந்தாலும், மூன்று குறும்பயணங்களுக்குப் பதில் ஒரே நீண்ட பயணமாகப் போங்கள். விமானப் புகை அங்கேதான் குறையும்.

சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. பசுமைக் கட்டடங்களுக்குத் தரப்படும் லீட் (LEED) முத்திரை பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறது. அருகில் வாழும் மக்களைப் பற்றி அதில் அதிகம் தெரியாது. நிலைத்த சுற்றுலாவுக்கான உலக அமைப்பான ஜிஎஸ்டிசி (GSTC) வகுத்த அளவுகோல்கள் மக்களையும் பண்பாட்டையும் சேர்த்தே பார்க்கின்றன. ஆகவே அந்த அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தந்த சான்றிதழா என்று பாருங்கள். எந்தச் சான்றிதழும் இல்லாத விடுதியானால், கழிவுநீர் எங்கே போகிறது என்று முன்பதிவுக்கு முன் எழுதிக் கேளுங்கள். வேலையை உண்மையில் செய்கிறவர்கள் தொட்டி, பாத்தி, குழாய் என்று விவரமாகப் பதில் எழுதுவார்கள்.