அளந்து பார்த்து வாங்கியும் ஏமாந்த மோட்டார்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பழைய மோட்டார் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

எனக்குப் பள்ளத்தூர் பக்கம் சின்னதாக ஒரு அரவை மில். மிளகாய், மல்லிக்குப் பல்வரைசர் (சுத்தியல் சுழன்று அடித்துத் தூளாக்கும் மிஷின்) ஒன்று, மாவுக்குத் தனி மிஷின் ஒன்று. பங்குனி வெயிலில்தான் ஆச்சிமார் வருஷத்துக்கான மிளகாயைக் காயவைத்து மூட்டை மூட்டையாகக் கொண்டு வருவார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துப் பல்வரைசர் மோட்டார் எரிந்தது. 3 ஹெச்பி, மூணு பேஸ், 1440 ஆர்பிஎம். புதுசு வாங்குகிற நிலையில் கை இல்லை.

காரைக்குடிக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கடையில் மோட்டார் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். பச்சைப் பெயிண்டில் மூன்று நின்றன. "புதுவயல்ல ரைஸ் மில் பிரிச்ச சரக்குண்ணே. பழைய பாடி, கல்லு மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். நேம் பிளேட்டில் 3 ஹெச்பி, 1440, 4.6 ஆம்பியர் என்று இருந்தது.

நான் பிளேட்டை மட்டும் நம்பி வாங்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கையோடு வெர்னியர், அதாவது மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கும் கருவி, கொண்டு போயிருந்தேன். தரையிலிருந்து ஷாப்ட் நடு மையம் 100 மில்லிமீட்டர், ஷாப்ட் கனம் 28. 3 ஹெச்பி, 1440 மோட்டார் வருவது இந்த 100 எல் பிரேமில், அதாவது இந்த அளவு பாடியில்தான். அளவு பொருந்திவிட்டது, இனி யார் என்னை ஏமாற்ற முடியும் என்று ஒரு மிதப்பு. கரண்ட் கொடுத்து ஓட்டியும் காட்டினார். "சத்தமே இல்லை பாருங்கண்ணே" என்றார். உண்மைதான், பூனை மாதிரி ஓடியது. 6,500 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். பில்லில் 'பழைய இரும்பு' என்று எழுதித் தந்தார். அதையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் முதல் அரவையிலேயே தகராறு. எப்போதும் வரும் ஆச்சி ஒருவர் தூளைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "என்னப்பா இது, விதை முழுசு முழுசாக் கிடக்கு?" சல்லடையை மாற்றினேன், சுத்தியலைத் திருப்பிப் போட்டேன், ஒன்றும் சரிவரவில்லை. வேகம் போதவில்லை என்று மட்டும் புரிந்தது. மோட்டார் மேல் சந்தேகம் வரவில்லை, அளந்து வாங்கியதாயிற்றே! மோட்டாரில் இருந்த 4 அங்குலப் புல்லியைக் கழற்றிவிட்டு 6 அங்குலம் போட்டேன். தூள் மைபோல வந்தது. அரை மணி நேரத்தில் ஸ்டார்ட்டர் விழுந்து மோட்டார் நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துகிற ரிலேயின் திருகை 4.6 ஆம்பியரிலிருந்து 5.5-க்குத் திருப்பி வைத்தேன். மூட்டைகள் வாசலில் வரிசையாக நிற்கும்போது யாருக்குப் பொறுமை இருக்கும்? மாலைக்குள் மிளகாய் நெடியையும் மீறி வார்னிஷ் கருகும் வாடை வந்துவிட்டது.

ரீவைண்டிங் செய்கிற அண்ணன் மூடியைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுச் சிலாட்டை, அதாவது கம்பி இறங்கும் பள்ளங்களை, எண்ணினார். 36. அப்புறம் ஒரு காயில் எந்தச் சிலாட்டில் இறங்கி எதில் ஏறுகிறது என்று பார்த்தார். "இது 1440 இல்லை தம்பி, ஆறு போல்" என்றார். போல் என்றால் காயில் சுற்றில் உண்டாகும் காந்த முனை, அது கூடக்கூட வேகம் குறையும். 36 சிலாட்டில் நாலு போல் சுற்றினால் ஒரு போலுக்கு 9 சிலாட் வரும், ஆறு போலுக்கு 6-தான் வரும். அந்தக் கணக்கில் பிடித்துவிட்டார்.

நான் விழுந்த குழி இதுதான். 100 எல் பிரேமில் நாலு போல் சுற்றினால் 2.2 கிலோவாட், அதாவது 3 ஹெச்பி. அதே பிரேமில் ஆறு போல் சுற்றினால் 1.5 கிலோவாட், 2 ஹெச்பிதான். உயரம், ஷாப்ட், கால் போல்ட் ஓட்டை எதிலும் வித்தியாசம் கிடையாது. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நாலு போல் 1500-க்குக் கொஞ்சம் கீழே ஓடும், ஆறு போல் 1000-க்குக் கொஞ்சம் கீழே. கடையில் சத்தமில்லாமல் ஓடியதன் ரகசியமும் அதுதான், வேகமே இல்லை. பெரிய புல்லி போட்டு 2 ஹெச்பி தலையில் 3 ஹெச்பி வேலையை ஏற்றியவன் நான். ரிலேயும் பொய்ப் பிளேட்டை நம்பி வைத்தது. அது எப்படிக் காப்பாற்றும்?

கம்பியையும் அண்ணன் பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிற எனாமல், உள்ளே வெள்ளை. முன்பே யாரோ அலுமினியத்தில் சுற்றி விற்றிருக்கிறார்கள். செம்பு கடத்துவதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். அதே கனக் கம்பியில் சுற்றினால் சூடு ஏறாமல் என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்து பிளேட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். ரிவெட் மட்டும் புதுசு, பளபளவென்று. பிளேட்டுக்கு அரை அங்குலம் தள்ளிப் பெயிண்டுக்குள் பழைய ரிவெட் ஓட்டை ஒன்று மூடிக் கிடந்தது. முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு எனாமல் சட்டி வாங்கினால் கவிழ்த்துப் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்குகிறவன் நான். இதைப் பார்க்கவில்லை.

பிளேட் இல்லாத மோட்டாரோ சந்தேகமான பிளேட்டோ இருந்தால், அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி இது. கரண்டே வேண்டாம், திறக்கவும் வேண்டாம். டெர்மினல் பெட்டியில் காயில் முனைகளை இணைக்கும் லிங்க் பட்டைகளைக் கழற்றிவிடுங்கள். ஊசி மீட்டரைக் குறைந்த டிசி மில்லி ஆம்பியரில் வைத்து ஒரே காயிலின் இரண்டு முனையில் பிடியுங்கள். ஷாப்டை மெதுவாக, சரியாக ஒரு சுற்று சுற்றுங்கள். ஏற்கெனவே ஓடிய மோட்டாரில் ரோட்டரில் கொஞ்சம் காந்தம் மிச்சம் இருக்கும், அதனால் ஊசி ஆடும். ஒரு சுற்றில் ஒரு தடவை போய்வந்தால் இரண்டு போல், இரண்டு தடவை என்றால் நாலு, மூன்று என்றால் ஆறு. எரிந்த மோட்டாரிலும் ஒரு காயில் நன்றாக இருந்தது. அதில் பிடித்துப் பார்த்தேன், ஊசி மூன்று தடவை ஆடியது. நம்பர் எழுதாத ஆறு முனைகள் தொங்கினால், எது எதோடு ஜோடி என்று முதலில் மீட்டரில் கன்டினியூட்டி (இரண்டு முனைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று) பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். சுற்று வேகத்தை அளக்கும் டேக்கோமீட்டர் உள்ளவர் யாராவது தெரிந்தால் இந்த வேலையே வேண்டாம், கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "பழைய இரும்புக்கு ஏதுண்ணே கேரண்டி? பில்லைப் பாருங்க" என்றார். வேண்டுமானால் கிலோ விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொடுக்கவில்லை, செம்பில் சுற்றி மாவுச் சல்லடைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பல்வரைசருக்குக் கடன் வாங்கிப் புது மோட்டார் போட்டாயிற்று.

அன்று கேட்கப் போனபோது அதே பச்சைப் பெயிண்டில் இன்னும் இரண்டு நின்றன. நேற்று அந்த வழியாகப் போனேன், ஒன்றுதான் இருந்தது.