கடல் எண்ணெய் மேடையின் அவசரக்கால வழிகாட்டி: விபத்துவாரியா, அறிகுறிவாரியா, பொறுப்புவாரியா?

க்யூ.ஆர்.ஏ. எனப்படும் அளவுசார் இடர் ஆய்வை ஒரு மேடைக்குச் செய்வதாக வைத்துக்கொள்வோம். வால்வு போட்டுத் தனியாகப் பிரிக்கக்கூடிய குழாய்ப் பகுதிகள் 40. ஒவ்வொன்றுக்கும் 4 ஓட்டை அளவுகள். ஆக 160 கசிவுகள். உடனே பற்றுவது, தாமதமாகப் பற்றுவது, பற்றாமலே போவது என்று பிரித்தால் 480. அடைப்பு வால்வு மூடியதா இல்லையா, ப்ளோடவுன் (உள்ளே இருக்கும் வாயுவை வெளியேற்றி அழுத்தத்தை இறக்குவது) நடந்ததா இல்லையா என்பதையும் சேர்த்தால் 1,920 முடிவுகள். ஆண்டுக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்கிட இவை அத்தனையும் தேவை. ஆனால் நடுஇரவில் அலாரம் அடிக்கும்போது கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் 1,920 பக்கம் புரட்ட முடியாது.

இந்த ஆய்வை வழிகாட்டியாக மாற்ற மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் ஒரே ஆய்விலிருந்து வெவ்வேறு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. தரத்தில் அவை வேறுபடுவது அங்கேதான்.

விபத்துவாரித் தாள்கள்

பெரும்பாலான மேடைகளில் காணப்படுவது இதுதான். ரைசர் (கடலடியிலிருந்து மேடைக்கு ஏறும் குழாய்) உடைப்பு, கம்ப்ரசர் பகுதித் தீ, கிணற்று வெடிப்பு, ஹெலிகாப்டர் விபத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். பயிற்சி நடத்தவும், கரையிலிருந்து என்ன உதவி வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிடவும் இதைவிட வசதியான வடிவம் இல்லை.

சிக்கல் முதல் பத்து நிமிடத்தில் வருகிறது. தாளைத் தேர்ந்தெடுக்க, நடந்தது எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டை 5 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா, எந்தக் குழாய் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1988 ஜூலை 6 இரவு வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா மேடையில் முதல் வெடிப்பு சுமார் 10 மணிக்கு. டார்ட்டன் மேடையிலிருந்து வந்த வாயுக் குழாயின் ரைசர் உடைந்தது ஏறக்குறைய 20 நிமிடத்தில். பலர் குடியிருப்புப் பகுதியில் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். இறந்த 167 பேரில் பெரும்பாலோர் புகையால் இறந்தவர்கள். அந்த 20 நிமிடத்தில் தேவைப்பட்டது விபத்தின் பெயர் அல்ல. தங்குமிடத்துக்குள் புகை வருகிறது, ஆகவே இனி இங்கே இருக்கக் கூடாது என்ற முடிவுதான்.

இன்னொரு குறை தேர்வில் இருக்கிறது. தாள் எழுதுபவர்கள் சிலர் நிகழ்வு எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, அடியில் இருப்பவற்றை வெட்டிவிடுகிறார்கள். அபூர்வமாக நடக்கும் ரைசர் உடைப்பு அதில்தான் காணாமல் போகிறது. இரண்டாம் வாய்ப்பே தராத விபத்துக்குத் தாள் இல்லாமல் போவதை ஏற்கவே முடியாது.

அறிகுறிவாரிப் பலகை

நிகழ்வு மரத்தின் (கசிவு ஒவ்வொன்றும் 1,920 முடிவுகளாகக் கிளைக்கும் அந்த வரைபடத்தின்) நுனிகளை விட்டுவிட்டு, அதன் கிளைகள் பிரியும் இடங்களை எடுத்துக்கொள்வது இந்த வழி. வால்வு மூடியதா? அழுத்தம் இறங்குகிறதா? தீயணைக்கும் தண்ணீர் வருகிறதா? ஆய்வில் இவை நிகழ்தகவுகள். பலகையில் இவையே கேள்விகள். எந்த விபத்து என்று தெரியாமலேயே இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். எழுதினால் இப்படி இருக்கும் (எல்.இ.எல். என்பது வாயு தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச செறிவு; ஈ.எஸ்.டி. என்பது அவசர நிறுத்தம்; வெப்ப வேலை என்பது வெல்டிங் போன்ற தீப்பொறி பறக்கும் வேலை; டேம்பர் என்பது காற்று வழியை அடைக்கும் தகடு):

*செயல்முறைத் தளத்தில் இரண்டு வாயு உணரிகள் 60% எல்.இ.எல். தாண்டினால்: ஈ.எஸ்.டி. அழுத்து, பொது அலாரம் அடி, வெப்ப வேலைப் பர்மிட்டுகள் அனைத்தையும் ரத்து செய்.*
*1 நிமிடத்தில் பார்: அடைப்பு வால்வுகள் "மூடியது" காட்டுகின்றனவா? இல்லையென்றால் கிணற்று வால்வுகளை மூடு. கையால் மூட ஆள் அனுப்பாதே.*
*3 நிமிடத்தில் பார்: அழுத்தம் இறங்குகிறதா? இல்லையென்றால் தீயணைப்புக் குழுவை உள்ளே விடாதே.*
*தங்குமிடத்தின் காற்று உள்வழியில் வாயு அல்லது புகை: டேம்பர் மூடு. மூடியும் உள்ளே வந்தால் லைஃப்போட்டுக்கு நகர்.*

வரம்புகள் மேடைக்கு மேடை மாறும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் "இல்லையென்றால்" இருக்க வேண்டும். எல்லாம் சரியாக வேலை செய்தால் வழிகாட்டியே தேவையில்லை.

அழுத்தக் கலன்களுக்குப் பொதுவாகப் பின்பற்றும் ப்ளோடவுன் அளவுகோல் 15 நிமிடத்தில் வடிவமைப்பு அழுத்தத்தில் பாதி. பலர் இந்த 15 நிமிடத்தை அப்படியே பலகையில் எழுதிவிடுகிறார்கள். ஜெட் தீ (அழுத்தத்தோடு பீறிடும் வாயு எரிவது) நேராகப் படும், பூச்சுப் பாதுகாப்பு இல்லாத கலன் அதற்கு முன்பே கிழியலாம். ஆகவே எழுத வேண்டியது முடியும் நேரத்தை அல்ல. இறங்கத் தொடங்கிவிட்டதா என்று பார்க்கும் நேரத்தை.

இதன் பலவீனம் உணரிகள். வெடிப்பில் கேபிள் அறுந்தால் திரையில் அறிகுறியே வராது. அதனால் ஒரு தீ மண்டலத்தின் உணரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் "பழுது" காட்டினால் அதையும் தீயாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வரி கட்டாயம். ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள மேடையில் நாற்றத்தை அறிகுறியாக எழுதவே கூடாது. சுமார் 100 பிபிஎம்மில் மூக்கு மரத்துப்போகிறது.

பொறுப்புவாரி அட்டைகள்

மேடை மேலாளர், கண்ட்ரோல் ரூம், தீயணைப்புக் குழுத் தலைவர், மஸ்டர் (அவசரத்தில் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவது) பொறுப்பாளர், ரேடியோ, லைஃப்போட் ஓட்டுநர்: ஆளுக்கு ஓர் அட்டை, எட்டு வரிக்கு மேல் வேண்டாம். கைகளுக்கு வேலை கொடுப்பதில் இதற்கு நிகரில்லை. ஆனால் அட்டைகளைத் தனித்தனியே எழுதினால் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும். மேலாளர் குழுத் தலைவரின் தகவலுக்கு, குழுத் தலைவர் கண்ட்ரோல் ரூமின் அனுமதிக்கு, கண்ட்ரோல் ரூம் மேலாளரின் உத்தரவுக்கு. எல்லா அட்டைகளையும் ஒரே தாளில் நேரக்கோட்டின் மீது வைத்து, காத்திருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் கெடு போட வேண்டும்: "2 நிமிடத்தில் பதில் வராவிட்டால் நீயே செய்." பைப்பர் ஆல்ஃபா எரிந்துகொண்டிருக்கும்போது அண்டை மேடைகள் உற்பத்தியைத் தொடர்ந்தன. அண்டை மேடையின் தொடர்பு அறுந்தால் கேட்காமலே ஏற்றுமதியை நிறுத்தலாம் என்ற வரி, அட்டையில் எழுத்தில் இருக்க வேண்டிய அதிகாரம்.

எதை எங்கே வைப்பது

முதல் பத்து நிமிடத்துக்கு அறிகுறிப் பலகைதான் எங்கள் தேர்வு. கண்ட்ரோல் ரூமில் ஒரே பக்கமாக, லேமினேட் செய்து. அதன் ஒவ்வொரு செயலும் ஏதாவது ஒரு பொறுப்பு அட்டையில் இருக்க வேண்டும். ஆள் இல்லாத செயல் நடக்காது. விபத்துவாரித் தாளை வழக்கமான செயல் தலைகீழாகும் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நச்சு வாயுவில் மஸ்டருக்கு ஓடுவதற்கு முன் மூச்சுக் கருவி. அண்டை மேடையின் வாயு வரும் ரைசரில் நம் ப்ளோடவுன் உதவாது.

கப்பல் மோதலில் கடிகாரம் விபத்துக்கு முன்பே ஓடத் தொடங்குகிறது. 12 நாட் வேகத்தில் வரும் கப்பல் 6 கடல் மைலைக் கடக்க 30 நிமிடம். மஸ்டர், எண்ணிக்கை, லைஃப்போட் ஏறுதல் எல்லாம் சேர்த்து 25 நிமிடம் என்றால், 6 மைலிலேயே முடிவெடுத்தாக வேண்டும். 3 மைலில் எடுத்தால் 15 நிமிடம்தான் மிச்சம். 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு மேடையில், பணிக்கு வந்த துணைக் கப்பலே ரைசரில் மோதியது. 22 பேர் இறந்தார்கள். ஆகவே தாளில் வழிதவறி வரும் கப்பல் மட்டும் இருந்தால் போதாது. பக்கத்தில் வேலை செய்யும் கப்பல் கட்டுப்பாட்டை இழப்பதும் இருக்க வேண்டும், அதற்கு 30 நிமிடம் கிடைக்காது.

எந்த வடிவமானாலும் எண்களை இடமாக மாற்றாமல் விடக் கூடாது. சதுர மீட்டருக்கு 6.3 கிலோவாட் வெப்பக் கோடு என்பது ஆய்வாளருக்குப் புரியும். பாதுகாப்பு உடையோடு அங்கே அரை நிமிடம்தான் தாங்கும் என்பதும் தெரியும். அட்டையில் வர வேண்டியது "வடகாற்றில் கிழக்குப் படிக்கட்டு இல்லை, மேற்கு வழி மட்டும்" என்பது.

ஆய்வின் அனுமானங்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. மஸ்டர் 15 நிமிடம், தங்குமிடம் 60 நிமிடம் தாங்கும், தீயணைப்புப் பம்பு தானியங்கி நிலையில் இருக்கும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். பைப்பர் ஆல்ஃபாவில் கடலுக்கடியில் டைவர்கள் வேலை செய்ததால் பம்புகள் கைமுறைக்கு மாற்றப்பட்டிருந்தன. இப்படிப்பட்ட ஒவ்வோர் அனுமானத்துக்கும் எண் கொடுத்து, அதைச் சார்ந்த அட்டை வரிக்கும் அதே எண்ணைப் போட்டுவைத்தால், பம்பைக் கைமுறைக்கு மாற்றும் பர்மிட்டில் கையெழுத்துப் போடுபவருக்கு அன்று எந்த வரி செல்லாது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.