சுங்கை சிப்புட் மீன்கடையில் ஆக்சலோட்டல்: தொட்டிக்கு முழு மதிப்பெண், தாளுக்கு இல்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு)த் திரும்பும் முனையில், அலங்கார மீன்கள் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. காரணம் போகப்போக விளங்கும். ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் அக்காள் மகன் மைன்கிராப்ட் கணினி விளையாட்டில் பார்த்த ஆக்சலோட்டல் (பல்லி உருவம் கொண்ட நீர்நில உயிரான சாலமாண்டரில், நீரிலேயே வாழும் ஒரு வகை) வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்ததால் அந்தக் கடைக்குப் போனேன்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். வெளியே 33 பாகை வெயில் கொளுத்திய நண்பகலில், அந்தத் தொட்டியின் வெப்பமானி 17 காட்டியது. குளிர்ந்த நீரில் வாழும் இந்த உயிருக்கு நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே வெந்நீர் என்பதால், குளிரூட்டும் கருவி இல்லாதவருக்கு விற்பதில்லை என்று கடைக்காரர் வெளிப்படையாகச் சொன்னார். குட்டி 120 வெள்ளி (ரிங்கிட்), கருவி 700 வெள்ளி. விழுங்கிவிடும் என்பதால் தொட்டியின் அடியில் கூழாங்கல் போடவில்லை. இடுக்கியில் ஒரு மண்புழுவைப் பிடித்து அவர் நீட்டியபோது, கழுத்தின் இருபுறமும் குஞ்சம்போல் விரிந்த செவுள்கள் சற்றே பின்வாங்கின; வாய் திறந்ததையோ மூடியதையோ நான் பார்க்கவில்லை, புழு மட்டும் காணாமல் போயிருந்தது. முன்னங்கால்களில் ஒன்று மற்றதைவிடச் சிறியதாக இருந்தது. உடனிருந்த குட்டி கடித்துவிட்டதாம். இப்போது மீண்டும் முளைத்துக்கொண்டிருக்கிறது.

பிறகு இறக்குமதி அனுமதித் தாளைக் கேட்டேன். “எல்லாம் வளர்ப்புக் குட்டிதான் டீச்சர், காட்டுல புடிச்சது இல்ல. பெர்மிட்டெல்லாம் சப்ளையர்கிட்ட இருக்கும்” என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளிலும் ஆய்வகங்களிலும் இருப்பவை பெரும்பாலும் பல தலைமுறைகளாக வளர்ப்பில் பிறந்தவை. இரண்டாம் பாதிதான் எனக்குப் போதவில்லை.

மலேசியக் காடுகளில் சாலமாண்டர் இனம் எதுவும் இயற்கையாக வாழ்வதில்லை. ஆகவே நம் கடைகளில் காணும் ஒவ்வொன்றும், அல்லது அதன் மூதாதை, எல்லை தாண்டி வந்ததே. அழிந்துவரும் உயிரினங்களின் அனைத்துலக வாணிபத்தைக் கட்டுப்படுத்துவது சைட்டிஸ் உடன்படிக்கை; அனுமதியோடு மட்டுமே எல்லை தாண்டி விற்கக்கூடியவற்றின் பட்டியலான அதன் இரண்டாம் பின்னிணைப்பில் ஆக்சலோட்டல் 1975 முதலே இருக்கிறது. அந்த உடன்படிக்கையை இங்கே நடைமுறைப்படுத்துவது 2008-ஆம் ஆண்டின் அழிந்துவரும் உயிரினங்களின் அனைத்துலக வாணிபச் சட்டம். அதன்படி, பட்டியலில் உள்ள உயிரினத்தை அனுமதியின்றிக் கொண்டுவருவது மட்டுமன்றி, அப்படி வந்ததை வைத்திருப்பதும் விற்பதும் விளம்பரப்படுத்துவதும் குற்றமாகும். சப்ளையரிடம் இருக்கும் தாள், பிளாஸ்டிக் பையில் குட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் என்னைக் காப்பாற்றாது. படியெடுத்த ஒரு தாளைத் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவைப்பது அப்படியொன்றும் பெரிய வேலையும் அல்ல.

தாள் ஒன்றே இந்த இனத்தைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ கால்வாய்களில்தான் இவை இயற்கையாக வாழ்கின்றன. 1998 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 இருந்தவை, 2014-இல் சுமார் 35-ஆகச் சுருங்கின. இந்தச் சரிவுக்கு வாணிபத்தைவிட நகரக் கழிவும், உணவுக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவுமே பெரிய காரணங்கள். இத்தனைக்கும் சோச்சிமில்கோ 1987 முதல் உலகப் பாரம்பரியத் தலம். பட்டியலில் பெயர் ஏறியதும் நீர் தெளிந்துவிடுவதில்லை. குட்டி விற்கும் கடைக்காரரிடம் அந்தக் கால்வாய்க்குக் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் தாளைக் கேட்கலாம்.

என்னை உண்மையில் உறுத்தியது மூலையில் இருந்த இன்னொரு தொட்டி. கரிய உடல், முதுகின் இருபுறமும் வரிசையாக ஆரஞ்சு நிறப் புடைப்புகள்: ‘முதலைப் பல்லி’ என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். தெற்கு, தென்கிழக்கு ஆசிய மலைப்பகுதிகளிலும் சீனாவிலும் வாழும் டைலோடோட்ரைட்டன் என்ற சாலமாண்டர் வகை என்றே எனக்குப் பட்டது. இந்தப் பேரினம் முழுவதும் 2019-இல் சைட்டிஸ் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. செல்லப்பிராணிச் சந்தைக்காகவும் மருந்துக்காகவும் காட்டிலிருந்தே பிடிக்கப்படுவதுதான் அதற்குக் காரணம். ஆக்சலோட்டலுக்குச் சொன்ன ‘வளர்ப்புக் குட்டி’ என்ற பதிலை இதற்கு அவரும் சொல்லவில்லை. “தெரியல டீச்சர், கூடவே அனுப்பி வச்சாங்க” என்றார்.

பராமரிப்புக்கு ஐந்தில் ஐந்து, நேர்மையான பேச்சுக்கு நான்கு, ஆவணத்துக்குச் சுழியம். அன்று மீன் தீனி ஒரு டப்பா மட்டும் வாங்கிக்கொண்டு, அனுமதித் தாளின் நகல் வந்ததும் அழைக்கச் சொல்லி என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரமாக அழைப்பு இல்லை. சென்ற சனிக்கிழமை அந்தப் பக்கம் போனபோது எட்டிப்பார்த்தேன். ஆக்சலோட்டலின் கால் ஏறக்குறைய முழுதாக வளர்ந்திருந்தது. மூலைத் தொட்டி காலியாக இருந்தது. முதலைப் பல்லி விற்றுவிட்டதாம்.