100 எம்பிபிஎஸ் சரி, பாக்கெட் எந்த வழியாகப் போகிறது?

தாம்பரம் பக்கம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஏரியாவில் ஃபைபர் தருகிற உள்ளூர் நிறுவனத்துக்கு ஐந்துக்கு நான்கு ஸ்டார் தாராளமாகக் கொடுப்பேன். வேகத்துக்காக இல்லை, விலைக்காகவும் இல்லை, ரூட்டிங்குக்காக, அதாவது நம் டேட்டா துண்டுகள் (பாக்கெட்) எந்த வழியாகப் போகின்றன என்பதற்காக.

இதற்கு முன் இருந்ததும் (பெயர் வேண்டாம்) 100 எம்பிபிஎஸ் இணைப்புதான். ஸ்பீட் டெஸ்ட் எப்போது போட்டாலும் 95க்குக் குறையாது. ஆனால் சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டால் ஆபீஸ் காலில் எதிரில் பேசுகிறவரின் குரல் பாதி வார்த்தையில் அறுந்துபோகும். கஸ்டமர் கேரில் கேட்டால், "சார், ஸ்பீட் கரெக்டா வருதே, உங்க வைஃபைய செக் பண்ணுங்க" என்பார்கள். சரி என்று கேபிளை நேராகச் செருகி ட்ரேஸ்ரூட் (வழியில் உள்ள ரூட்டர்களையும் அதுவரை போய்வர ஆகும் நேரத்தையும் வரிசையாகக் காட்டும் சோதனை) போட்டேன். ஆபீஸ் சர்வர் சென்னையிலேயே ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. மூன்றாவது ஹாப் (வழியில் ஒரு நிறுத்தம்) வரை 4 மில்லிசெகண்ட். அடுத்த வரியில் 38, ரூட்டர் பெயரிலேயே சிங்கப்பூர் என்று இருந்தது. அதற்கப்புறம் மறுபடி சென்னை, 72. தாம்பரத்திலிருந்து கிளம்பிய பாக்கெட் கடலுக்கடியில் சிங்கப்பூர் போய்த் திரும்பி வந்து நம்ம ஊர் சர்வரைத் தொடுகிறது!

இதில் எங்கேயும் எதுவும் பழுதில்லை என்பதுதான் கொடுமை. அந்த நிறுவனம் மொத்தமாக டிராஃபிக் வாங்கும் பெரிய நெட்வொர்க்கும், டேட்டா சென்டருக்கு இணைப்பு கொடுக்கும் நெட்வொர்க்கும் சென்னையில் ஒன்றோடொன்று இணையவில்லை, சிங்கப்பூரில்தான் சந்திக்கின்றன. நெட்வொர்க்குகளுக்கு இடையே வழி சொல்கிற பிஜிபிக்குத் தாமதமும் தெரியாது, பாக்கெட் இழப்பும் தெரியாது. முதலில் அந்தந்த நிறுவனம் வைத்திருக்கும் முன்னுரிமையைப் பார்க்கும், அது பெரும்பாலும் காசுக் கணக்கு. அது சமமாக இருந்தால், எத்தனை நெட்வொர்க் தாண்ட வேண்டும் என்று எண்ணும். சாயங்காலம் நடுவில் ஒரு லிங்க் நிரம்பி வழிந்தாலும், ரூட்டர்களுக்கு இடையிலான பிஜிபி தொடர்பு (செஷன்) உயிரோடு இருக்கிற வரை பிஜிபி அதே வழியில்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். குரல் பாக்கெட்டுக்கு அவசரம் என்று முத்திரை குத்தி அனுப்பலாமே என்றால், 1998லேயே அதற்கு டிஃப்சர்வ் வந்துவிட்டது, ஒரே நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் அருமையாக வேலை செய்யும். எல்லை தாண்டியதும் அடுத்த நெட்வொர்க் பெரும்பாலும் அந்த முத்திரையை அழித்துவிடும், அல்லது கண்டுகொள்ளாது. ஸ்பீட் டெஸ்ட் சர்வரோ பல சமயம் இணைப்பு தரும் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கு உள்ளேயோ ஒட்டியோ இருக்கும், அதனால் இந்த வழியெல்லாம் அதன் கண்ணிலேயே படாது.

கொஞ்ச நாள் கிளவுட்ஃப்ளேர் வார்ப் (நம் டிராஃபிக்கை கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாக அனுப்பும் ஆப்) போட்டு ஓட்டினேன். அவர்களுக்குச் சென்னையில் சொந்த இடம் இருப்பதால் சிங்கப்பூர் சுற்று நின்றது. ஆனால் ஆபீஸ் விபிஎன்னோடு சண்டை போட்டது, மாதா மாதம் காசு கொடுத்து ஒரு இணைப்பு வாங்கிவிட்டு அதன் வழியைத் திருத்த இன்னொன்றை நாடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

புது நிறுவனம் சின்னதுதான். ஆனால் அவர்கள் சென்னையில் நிக்சி என்ற எக்ஸ்சேஞ்சிலும் (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் டிராஃபிக்கைக் கைமாற்றும் பொது இடம்) இன்னொரு எக்ஸ்சேஞ்சிலும் நேரடியாக இணைந்திருக்கிறார்கள், மேலே இரண்டு வெவ்வேறு நெட்வொர்க்குகளிடம் டிராஃபிக் வாங்குகிறார்கள். உள்ளூர் டிராஃபிக் உள்ளூரிலேயே கைமாறட்டும் என்றுதான் 2003ல் நிக்சியைத் தொடங்கினார்கள், அதைப் பயன்படுத்துகிற நிறுவனத்தைப் பார்க்கவே மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இப்போது அதே ஆபீஸ் சர்வருக்கு 5 மில்லிசெகண்ட், ராத்திரியிலும் அப்படியே. ஒருமுறை வெளிநாட்டு சர்வர் ஒன்றுக்கு பாக்கெட் இழப்பு அதிகமாக இருந்தது, ட்ரேஸ்ரூட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பார்த்துட்டோம் சார், அந்த ரூட்டை இன்னொரு லிங்க்குக்கு மாத்தியிருக்கோம், செக் பண்ணுங்க" என்று பதில் வந்தது. சரியாகியும் இருந்தது. போகிற வழியைத்தான் இவர்கள் நேரடியாக மாற்ற முடியும், திரும்பி வருகிற வழி எதிர்ப்பக்கத்து நெட்வொர்க் கையில் இருக்கிறது, அதில் ஓரளவுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

ஒரு ஸ்டார் குறைத்தது, இன்னும் ஐபிவி6 (புதிய தலைமுறை இணைய முகவரி முறை) தரவில்லை, பராமரிப்பு வேலைக்கு முன்கூட்டியே சொல்வதும் இல்லை.

புது இணைப்பு எடுப்பதற்கு முன் எந்த எக்ஸ்சேஞ்சில் இருக்கிறீர்கள் என்று கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் பியரிங்டிபியில் (எந்த நெட்வொர்க் எந்த எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது என்று காட்டும் இணையதளம்) நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். பக்கத்து வீட்டில் அதே இணைப்பு இருந்தால் நீங்கள் வேலைக்குப் பயன்படுத்தும் சர்வருக்கு ஒரு ட்ரேஸ்ரூட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு மேல், பகலில் போட்டால் நெரிசல் தெரியாது.