காதலுக்கு அஞ்சும் மூத்த பிள்ளை: 'தி வைகவுண்ட் ஹூ லவ்ட் மீ' படித்தோம்

பினாங்கில் புத்தகம் படிக்கிறவர்களுக்கு சௌரஸ்தா மார்க்கெட் மாடிக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. கீழே ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கப் போனவள், மேலே ஏறிப் பழைய புத்தகக் கடையில் அரை மணி நேரம் நின்று, ஜூலியா குவின் எழுதிய 'தி வைகவுண்ட் ஹூ லவ்ட் மீ' நாவலை 12 ரிங்கிட்டுக்கு வாங்கி வந்தேன். பிரிட்ஜர்டன் என்கிற குடும்பத்தைப் பற்றிய காதல் நாவல் வரிசையில் இது இரண்டாவது. 2000ஆம் ஆண்டில் வந்தது. முதல் நாவலைப் படிக்காமலே இதைப் படிக்கலாம், எதுவும் புரியாமல் போகாது. அதில் தங்கையின் காதலனைச் சண்டைக்கு இழுக்கிற முரட்டு அண்ணனாக வந்துபோகும் ஆண்டனிதான் இதில் நாயகன், தலைப்பில் உள்ள வைகவுண்ட் அவனுடைய பிரபுப் பட்டம்.

கதை 1814இல் லண்டனில் நடக்கிறது. எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆண்டனி மூத்தவன். அவனுக்கு 18 வயதாக இருக்கும்போது அப்பா தேனீ கொட்டி இறந்துபோகிறார். அப்பாவுக்கு அப்போது வயது 38, கடைசித் தங்கை அம்மாவின் வயிற்றில் இருக்கிறாள். அவ்வளவு பெரிய மனிதரே அந்த வயதைத் தாண்டவில்லை என்றால் நான் எப்படித் தாண்டுவேன் என்று ஆண்டனி அன்றே முடிவு கட்டிவிடுகிறான். யாரிடமும் சொல்வதில்லை. குடும்பத்துக்கு வாரிசு வேண்டும், அதற்காகக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், சரி. பெண் ஓரளவு அழகாக இருக்க வேண்டும், முட்டாளாக இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தான் காதலித்துவிடக்கூடிய பெண்ணாக இருக்கவே கூடாது. அப்படித் தேடித்தான் எட்வினாவைப் பார்க்கிறான். எட்வினாவின் அக்கா கேட் குறுக்கே நிற்கிறாள்.

காதல் வேண்டாம் என்கிற நாயகர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். எவளோ ஏமாற்றியிருப்பாள், அந்தக் கோபத்தைக் கதாநாயகி மேல் காட்டுவான், கடைசி அத்தியாயத்தில் மன்னிப்புக் கேட்பான். அந்த ரகத்தை மாத நாவல்களில் படித்துப் படித்து எனக்குச் சலித்துவிட்டது. ஆண்டனியை யாரும் ஏமாற்றவில்லை. அவன் அப்பாவும் அம்மாவும் அப்படி அன்பாக வாழ்ந்தவர்கள். ஒருவர் போனதும் இன்னொருவர் எப்படி உடைந்துபோனார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் அவன், அதனால்தான் பயப்படுகிறான். இது எனக்கு அந்நியமாகவே படவில்லை. எங்கள் அப்பா போனபோது அண்ணனுக்கு 19. மறுவாரமே பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்குப் போனான், எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தான். பெண் பார்க்கலாமா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்விடுவான். தங்கைகளைக் கரை சேர்க்க வேண்டும் என்பதற்காகத் தள்ளிப்போடுகிறான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்பாவின் வயதை அவன் தாண்டிய பிறகு ஒருநாள் அண்ணி சொன்னபோதுதான் வேறு விஷயம் தெரிந்தது. இந்த நாவலில் ஆண்டனி இரவில் தனியாக உட்கார்ந்து தனக்கு மீதி எத்தனை வருடம் என்று நினைக்கிற பக்கங்களில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

என் பிரதியை இன்னும் மூன்று பேர் வாங்கிப் படித்தார்கள், மூன்று பேருக்கும் மூன்று கருத்து. அத்தைக்கு ஆண்டனியைப் பிடிக்கவே இல்லை. "பயம்னா சொல்லிட வேண்டியதுதானே, கட்டினவகிட்டகூட சொல்லலன்னா எப்படி?" என்று புத்தகத்தைத் திருப்பித் தந்தார். கேட்டைத் தான் காதலிக்கிறோம் என்று தெரிந்ததும் அவன் வீட்டை விட்டே போய்விடுகிற இடம் அவருக்கு ஆத்திரம். எனக்கும் அந்த இடத்தில் கோபம் வந்தது, ஆனால் அந்தப் பயத்துக்கு அவன் வேறென்ன செய்வான் என்றும் தோன்றியது. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் அக்காவுக்குப் பிடித்தது கேட்தான். மாற்றாந்தாயும் அவள் மகள் எட்வினாவும் கேட்டை உயிராக நினைக்கிறார்கள், சித்தி கொடுமை என்று ஒரு வரிகூடக் கிடையாது, அதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எட்வினாவின் அழகுக்கு முன்னால் தான் ஒன்றுமே இல்லை என்று கேட் நினைத்துக்கொண்டே இருப்பது மட்டும் போகப் போக அலுப்பாக இருக்கிறது, அதில் பாதியை வெட்டியிருக்கலாம்.

சின்னம்மா மகள் நெட்ஃபிளிக்ஸ் தொடரை முதலில் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவள். அவளுக்கு ஏமாற்றம், அது நியாயமான ஏமாற்றம்தான். 2022 மார்ச்சில் வந்த இரண்டாவது பருவத்தில் கேட் இந்தியாவிலிருந்து வருகிறாள், நடித்த சிமோன் ஆஷ்லி தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். அந்தக் காலத்து ஆங்கிலேய உடையில் ஒரு பெண் 'அப்பா' என்று சொன்னபோது எங்கள் வீட்டு வரவேற்பறையில் நாங்கள் கத்தியது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். குடும்பப் பெயர் ஷர்மா, தங்கை அக்காவை 'தீதி' என்கிறாள், அக்கா தங்கையை வங்காளத்தில் 'போன்' என்கிறாள், நடுவில் தமிழ் 'அப்பா'. எந்த ஊர்க் குடும்பம் என்று கேட்டால் பதில் இல்லை, இருந்தாலும் தங்கைக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிடும் அந்தக் காட்சிக்காக மன்னித்துவிடலாம். புத்தகத்தில் இது எதுவுமே இல்லை. அங்கே அவள் கேட் ஷெஃபீல்ட், ஆங்கிலேயப் பெண். தொடரை நினைத்து வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஆனால் அந்தத் தேனீ வரும் இடத்தில் புத்தகம்தான் மேல். தொடரில் எட்வினாவோடு கல்யாண மேடை வரை போய் இழுக்கிறார்கள். புத்தகத்தில் கேட்டைத் தேனீ கொட்டுகிறது, ஆண்டனி பதறிப்போய் விஷத்தை உறிஞ்சி எடுக்கப் பார்க்கிறான், அதை மூன்று தாய்மார்கள் பார்த்துவிடுகிறார்கள், கல்யாணம் செய்தே ஆக வேண்டும் என்றாகிறது. அவளுக்கு அது வெறும் தேனீ. அவன் கண்ணுக்குத் தெரிவது அப்பா. சிரிப்பும் நடுக்கமும் ஒரே பக்கத்தில் வரும்படி எழுதியிருக்கிறார். அப்புறம் கதையில் கணிசமான பகுதி கல்யாணத்துக்குப் பிறகு நடக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பகுதிதான்.

இடி இடிக்கும்போது கேட் நூலகத்து மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். ஆண்டனி அவளை வெளியே இழுக்காமல் தானும் உள்ளே போய் உட்காருவான். காரணமே புரியாத பயம் தனக்குள்ளும் ஒன்று இருப்பதால்தான் அவனால் அப்படி உட்கார முடிகிறது. இந்த நாவலிலிருந்து ஒரே ஒரு காட்சியைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். புல்வெளியில் சுத்தியால் பந்தைத் தட்டி ஆடும் பால் மால் விளையாட்டில் கேட் அவனுடைய கறுப்புச் சுத்தியைத் தட்டிப் பறிக்கும் அத்தியாயம் வேறு மாதிரி, அதற்கு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாகவே இருக்கின்றன, பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். ஆங்கிலம் கடினமில்லை, உரையாடல்தான் அதிகம், இரண்டு வார இறுதியில் முடித்துவிடலாம்.

புத்தகம் இப்போது அண்ணியிடம் இருக்கிறது. அண்ணன் படிக்கிற ஆள் இல்லை, ஆனால் முதல் அத்தியாயத்தை மட்டும் அண்ணி அவனுக்கு உட்கார்ந்து கதையாகச் சொன்னாராம், பாதியில் எழுந்து போகாமல் கேட்டானாம்.