ஆரன்முளா கண்ணாடி: பட்டறைக்கே போய் வாங்கியது

மகளின் சீர்வரிசையில், கேரளத்து ஆரன்முளா ஊரில் முழுக்க உலோகத்தால் செய்யும் ஆரன்முளா கண்ணாடி ஒன்று இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சம்பந்தி வீட்டார் பத்தனம்திட்டைக்காரர்கள். அங்கே மணமகளை வரவேற்கும் அட்டமங்கலத் தட்டில் இந்தக் கண்ணாடிக்குத் தனி இடம் உண்டு. முதலில் இணையக் கடை ஒன்றில் வாங்கி ஏமாந்தேன். பித்தளைச் சட்டம் பளபளத்தது; உள்ளே இருந்ததோ ரசம் பூசிய சாதாரணக் கண்ணாடி. பணம் திரும்ப வரவில்லை. அதனால் தங்கையை அழைத்துக்கொண்டு சங்கரன்கோவிலிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாக அந்த ஊருக்கே போய்விட்டேன்.

ரயிலில் வருகிறவர்கள் செங்ஙன்னூரில் இறங்கினால் பத்து கிலோமீட்டர் தொலைவுதான். ஆரன்முளா பம்பை நதிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். பார்த்தசாரதி கோயில்தான் அதன் நடுநாயகம். நம்மாழ்வார் திருவாறன்விளை என்று பாடிய தலம் இதுவே. கோயிலின் வடக்கு வாசலிலிருந்து 57 படிகள் ஆற்றுக்கு இறங்குகின்றன. கடைசிப் படியில் உட்கார்ந்து கால் நனைத்தோம். ஆவணி உத்திரட்டாதியில் பள்ளியோடங்கள் என்னும் பாம்பு வடிவப் படகுகள் பாட்டோடு வருவது இந்தத் துறைக்குத்தான். கரை எனப்படும் ஆற்றோர ஊர்ப்பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு படகு; அதைக் கட்டுவதும் காப்பதும் அந்தக் கரை மக்களின் பொறுப்பு.

நாங்கள் போன பட்டறை கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. முன்னறையில் கடை, பின்னால் உலை. அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தவர். வெண்கலத்தைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்லும் வீட்டில் வளர்ந்த எனக்கு, கடையைவிட உலையடியில்தான் கால் நின்றது.

இதில் கண்ணாடியே கிடையாது. முழுவதும் உலோகம்: செம்பும் வெள்ளீயமும். கலவை அளவைக் குடும்பத்துக்கு வெளியே சொல்வதில்லை. ஆனால் வெள்ளீயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று உலோக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சாதாரண வெண்கலத்தில் அதன் பாதிகூட இருக்காது. அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால்தான் இந்த வெள்ளி நிறமும் கடினமும் வரும். அதே காரணத்தால் கைதவறி விழுந்தால் நொறுங்கியும் போகும். அப்பா இருந்திருந்தால் இதைத் தட்டிப் பார்க்க அனுமதி கேட்டிருப்பார், கிடைத்திருக்காது.

இங்குள்ள வயல் மண்ணில் அச்சு செய்கிறார்கள். மெல்லிய இடைவெளி விட்டு இரண்டு மண் தட்டுகளைச் சேர்த்து மூடி, உலோகத்தோடு சூளையில் காய்ச்சி, உருகியதும் அந்த இடைவெளிக்குள் இறங்க விடுகிறார்கள். ஆறிய பின் மண்ணை உடைத்தால் கரிய தகடு ஒன்று வெளியே வருகிறது; அதில் கண்ணாடிக்கான அடையாளம் எதுவுமே இல்லை. அதை அரக்கால் மரக்கட்டையில் ஒட்டிச் சாக்குத் துணியில் தேய்க்கிறார்கள். தேய்ப்பதற்குச் சுட்ட மண் பொடியும் மரோட்டி எண்ணெயும். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் இதையே நீரடிமுத்து எண்ணெய் என்பார்கள். கடைசியில் வெல்வெட்டுத் துணி. எல்லாம் கையால்தான், நாள்கணக்கில். எத்தனையோ தகடுகள் பாதியில் விரிசல் கண்டு மறுபடி உலைக்குப் போகின்றன. அரைமணி நேரம் அந்தக் கைகளைப் பார்த்தபின் விலை பேச எனக்கு மனம் வரவில்லை.

உரிமையாளர் பெரியவர், எல்லைப் பக்கத்து மனிதர்களுக்கே உரிய மலையாளம் கலந்த தமிழில் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். பல நூற்றாண்டுகளுக்கு முன் கோயில் வேலைக்காகச் சங்கரன்கோவிலிலிருந்து வெண்கல வேலை செய்யும் எட்டுக் கன்னார் குடும்பங்களை அரசர் அழைத்து வந்தார் என்பதும், அவர்கள் வழி வந்தவர்களே இந்தக் கண்ணாடியைச் செய்கிறவர்கள் என்பதும் அங்கே வழங்கும் கதை. "அப்போ நீ எங்க பழைய ஊர்க்காரி, மோளே" என்றார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் இது தெரிகிறது. பள்ளியில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தைப் பற்றியும் சொன்னார். பம்பை ஊருக்குள் ஏறியதில் பட்டறைகளில் பிடித்து வைத்த அச்சுகளும் சேர்த்து வைத்த மண்ணும் கரைந்து போயின. ஆற்றின் மீது அவருக்குக் கோபம் இல்லை. "வயலில் மண் போட்டதும் அதுதானே" என்றார்.

வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. விரல் நுனியைப் பரப்பில் வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் இடையே இடைவெளியே இருக்கக் கூடாது. சாதாரணக் கண்ணாடியில் ரசம் பின்புறம் இருப்பதால் சிறிது விலகித் தெரியும். இங்கே உலோகத்தின் முகப்பே பிரதிபலிக்கிறது. விற்பனைக்கு உள்ளதைத் தொட விடமாட்டார்கள்; சோதித்துப் பார்க்க ஒரு பழைய துண்டு வைத்திருக்கிறார்கள். 2005 முதல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதால் அதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

நான் வாங்கியது மூன்று அங்குல வட்டத்துக்கு வால்பிடி வைத்த கைக்கண்ணாடி. 3,800 ரூபாய். முகம் முழுதாகத் தெரிய வேண்டும் என்றால் இது போதாது. பெரியதன் விலை சட்டென்று ஏறிவிடுகிறது. குறை என்றால் இரண்டு. பராமரிப்புக் குறிப்பு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. பெட்டியும் மெலிது, சேலைக்குள் சுற்றித்தான் கொண்டுவந்தேன். பரப்பில் கை படக் கூடாது. மங்கினால் உடன் தரும் துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். ஈரம் ஆகவே ஆகாது.

நான்கு மாதமாக பீரோவில் இருக்கிறது. வாரம் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். அதில் தெரிகிற முகம் என்னுடையதைவிடச் சற்று நெருக்கமாக இருக்கிறது.

கிளம்பும்போது பெரியவர் ஒன்று கேட்டார்: எங்கள் ஊர்ச் சங்கரநாராயணர் கோயில் புற்றுமண் கொஞ்சம் கிடைக்குமா என்று. ஆடித்தபசு அன்று எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். ஆவணியில் படகு பார்க்கப் போகும்போது கொடுக்க வேண்டும்.